ஆலா முங்கும் நேரம்

கஸ்பார் அன்று காலை கடைசியாகச் செய்த வேலை, சமையலறைக் குழாயைப் பழுது பார்த்தது. சில நாட்களாகவே அது ஒழுகிக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வாங்கி வந்த உள்பாகத்தை மாட்டி, பிடியை முடுக்கி, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, "திறந்து பாரு பெனி" என்றார்.

பெனடிக்டா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வந்து குழாயைத் திருகினாள். தண்ணீர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். பிடி நகரவில்லை.

"என்ன, ஒரேயடியா அடைச்சு வச்சிட்டியளா?"

கஸ்பார் எட்டி அதே பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இரண்டு பேரும் ஒரு கணம் அதையே பார்த்தார்கள். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"வெந்நீர்க் குழாய்க்கு உள்ளதத் தூக்கிக் குடுத்துட்டான் கடைக்காரன். எல்லாருக்கும் இடப்பக்கம் திறந்தா நமக்கு வலப்பக்கம் திறக்குது."

"கடலுக்கு அடியில தடவித் தடவிச் சங்கு எடுக்குத ஆளுக்குக் கடையில ஒரு சாமான் பாத்து வாங்கத் தெரியல."

"வலப்பக்கம் திரும்புன சங்குக்கு என்ன விலைன்னு தெரியும்லா? வலம்புரிக் குழாய் வச்ச வீடு ஊருக்குள்ள இது ஒண்ணுதான்."

அந்தத் தண்ணீரிலேயே அவர் முகம் கழுவினார். எப்போதும் போல, முகத்தில் தண்ணீர் பட்டதும் கண்ணை மூடி ஒரு கணம் அசையாமல் நின்றார். சிறு வயதிலிருந்து மூச்சுப் பிடித்துக் கடலில் முங்கியவர்களுக்கு அது விட்டுப்போகாது. பிறகு துண்டை எடுத்துக்கொண்டார்.

"இப்படியே கெடக்கட்டும், தண்ணி வரட்டும். நான் போய் சரியானதா வாங்கிட்டு வந்துருதேன்."

துறைமுகச் சாலைத் திருப்பத்தில், உப்பு ஏற்றி வந்த லாரி. பெனடிக்டா ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்துக்குக் கஸ்பாரைக் கொண்டு வந்திருந்தார்கள். தலையில் அடி. "நெஞ்சுக்கு ஒண்ணுமே ஆகல சிஸ்டர்" என்று அங்கிருந்த இளைய மருத்துவர் அவளிடம் சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார். அது உண்மைதான். மற்றெல்லாம் முடிந்த பிறகும் அந்த இதயம் மட்டும், வீட்டில் நடந்தது தெரியாத ஆளைப் போல, கொஞ்ச நேரம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

*

பெனடிக்டாவின் தொழில் எக்கோ எடுப்பது. நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து, உள்ளே இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று திரையில் பார்த்து அளப்பது. அந்த அளவை எல்லோரும் 'பம்பிங்' என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் அப்படித்தான் சொல்வார், நோயாளியின் மாமியாரும் அப்படித்தான் கேட்பார்.

அவள் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டதே கஸ்பாரின் மார்பில்தான். படிக்கும் காலத்தில், கூட்டமில்லாத பிற்பகல்களில் அவரைக் கூட்டி வந்து படுக்கவைத்துப் பழகுவாள். அவர் சும்மா படுத்திருக்க மாட்டார். திடீரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, விட்ட பிறகு, "எத்தன பாகம் எறங்குனேன், சொல்லு பாப்போம்" என்பார். கடலின் ஆழத்தை அவர்கள் பாகம் என்ற கணக்கில்தான் சொல்வார்கள். திரையில் துடிப்பு மெல்ல மெல்லத் தணியும். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. பிறகு நிரம்பி வழிகிற மாதிரி ஒரு பெரிய துடிப்பு. அதைப் பார்த்து அவள் ஆழத்தைச் சொல்வாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அப்புறம்தான் 'இசைவி' வந்தது. துடிப்பு தாறுமாறாகிப் போனவர்களுக்குத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே பதிக்கிற, காசு அளவுக் கருவி. அதற்கு முன்பிருந்த கருவிகள் இதயத்தைக் கடிகாரம்போல ஒரே சீராக அடிக்க வைத்தன. பல வருடம் அப்படி அடித்த இதயங்கள் களைத்துப் போயின. நல்ல இதயம் சீராக அடிப்பதில்லை என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் அதற்குப் பிறகே பொருட்படுத்தினார்கள். அது மூச்சு விடும்போது கொஞ்சம் தாமதிக்கும், படி ஏறும்போது முந்தும், ஒரு குரல் கேட்டால் துள்ளும். ஆகவே நல்ல இதயம் உள்ள சிலரின் துடிப்பை ஒரு வருடம் முழுக்கப் பதிவு செய்து, எது நடந்தால் அந்த இதயம் என்ன செய்கிறது என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்து, அந்தப் பழக்கத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகப் பதிவுகளுக்குப் பறவைகளின் பெயர். மைனா, கௌதாரி, கடற்பறவையான ஆலா என்று.

சங்கு குளிக்கிறவர்களின் இதயம் விரிந்தது, நிதானமானது என்று அவர்களைத் தேடி வந்தார்கள். கஸ்பாருக்குப் பெருமை தாங்கவில்லை. இதயப் பிரிவின் தலைவர் டாக்டர் குற்றாலிங்கம் எல்லாவற்றையும் விளக்கி, "பேரு வெளிய வராது அண்ணாச்சி" என்றபோது, "பேரு கெடக்கட்டும் டாக்டர், ஒண்ணு மட்டும் நான் சொல்லுதேன்" என்றார் அவர். "எவனுக்காவது இது ஒத்துக்கிடலன்னா தூக்கிக் கடல்ல போட்ருங்க. என்னால ஒருத்தனுக்கு மூச்சு முட்டக் கூடாது." டாக்டர் சிரித்தாலும் அதை மறக்கவில்லை. ஒத்துவராத பதிவை மிச்சமில்லாமல் அழித்துவிடுவது என்று திட்டத்திலேயே விதி சேர்ந்தது.

ஒரு வருடம், துடிப்பைப் பதியும் சின்னச் சில்லு ஒன்றை மார்பில் ஒட்டிக்கொண்டே கடலுக்குப் போய்வந்தார். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டு மறந்துபோனார்.

*

கோவில்பட்டியிலிருந்து ராஜகனி வந்தபோது, கஸ்பார் போய் மூன்றாவது கல்லறைத் திருநாளும் முடிந்திருந்தது.

ராஜகனி கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாகு பதம் பார்ப்பவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். இசைவி பதித்த பிறகு நடக்கும் முதல் பரிசோதனை.

"முன்னால எப்படி இருந்துச்சுக்கா?" என்று பெனடிக்டா வழக்கம்போலக் கேட்டாள்.

"நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சக் கூடையோட கவுத்துவிட்ட மாதிரி. ஓடும், நிக்கும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். இப்ப பரவாயில்ல. ஆனா தாயி, ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"மூஞ்சி கழுவும்போது ஒரு மாதிரி ஆவுது. வலி கிலி ஒண்ணும் இல்ல. தண்ணி பட்ட ஒடனே உள்ளுக்குள்ள அப்படியே அமைதியாயிருது. யாரோ கீழ எறங்கிப் போறாப்புல. நானும் மூஞ்சியத் தொடைக்காம நின்னுக்கிட்டே இருக்கேன், மருமவ வந்து, 'என்னத்த, கண்ணாடியில யாரத் தேடுதிய'ங்கா."

பெனடிக்டாவின் கை, கருவியோடு, அசையாமல் நின்றது.

மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து பஞ்சை நனைத்தாள். பரிசோதனையில் இதெல்லாம் கிடையாது. "கண்ண மூடிக்கிடுங்கக்கா" என்று சொல்லி, ஈரப் பஞ்சை ராஜகனியின் நெற்றியிலும் கன்னத்திலும் வைத்தாள்.

திரையில் துடிப்பு தணிந்தது. ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. பிறகு நிரம்பி வழிகிற மாதிரி ஒரு பெரிய துடிப்பு.

ஐந்து பாகம் என்று அவள் வாய் சொல்லப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, இன்னும் பஞ்ச எடுக்கல?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணும்க்கா."

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். ராஜகனியின் சீட்டில் பதிவின் பெயர் ஆலா என்று இருந்தது. அந்த ஆலா எத்தனை பேருக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. மதுரையில் இருக்கலாம், சேலத்தில் இருக்கலாம். ஏதோ ஓர் ஊரில், கடலையே பார்க்காத யாரோ ஒருவர் காலையில் எழுந்து முகம் கழுவுவார். அந்த நேரம் கஸ்பார் முங்குவார். அடுத்த தெருவில் இன்னொருவர் கழுவுவார். மறுபடி முங்குவார். பொழுது விடிகிற நேரத்தில் ஊர் ஊராக அவர் இறங்கி ஏறிக்கொண்டிருப்பார். இந்த நினைப்பு அவளுக்குப் பயமாகவும் இருந்தது. அதை விட்டால் வேறு எதுவும் இல்லாதது போலவும் இருந்தது.

*

தாறுமாறாக அடிக்கிற இதயத்தின் பம்பிங்கை அளப்பது நேர்மை சம்பந்தப்பட்ட வேலை. சீரான இதயத்தில் எந்தத் துடிப்பை அளந்தாலும் ஒன்றுதான். சீரற்றதில் அப்படியில்லை. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் துடிப்பில் இரத்தம் நன்றாக நிரம்பியிருக்கும், சுருக்கமும் பலமாக இருக்கும். ஓடி வரும் துடிப்புகள் அரைகுறை. அதனால் நல்லதும் கெட்டதுமாகப் பல துடிப்புகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். எந்தெந்தத் துடிப்பு என்று முடிவு செய்வது அளப்பவரின் கை. யாரும் பின்னால் நின்று பார்ப்பதில்லை.

ராஜகனியை அளக்கும்போது பெனடிக்டா பெரிய துடிப்புகளில் படத்தை நிறுத்தினாள். அவைதாம் தெளிவாக இருந்தன. தெளிவாக இருப்பதை அளப்பதுதானே முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கஸ்பாரின் துடிப்பைத் திரையில் உறைய வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுக்கும்போது, அவள் விரல் ஒரு முகத்தை வரைவதுபோல நிதானமாகப் போகும். கணக்கு நன்றாக வரும். "நல்லாருக்குக்கா" என்பாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று இருந்ததை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னாள். பிறகு அதையும் குறைத்தாள். ராஜகனியும் பேருந்தேறி வந்தார். வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் கடலைமிட்டாய்.

"இந்தா, இன்னைக்குப் பதம் கொஞ்சம் முத்திப்போச்சு. பல்லு ஒடஞ்சா என்னையச் சொல்லாத."

பஞ்சை நனைப்பது வழக்கமாகிவிட்டது. எக்கோ கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பெனடிக்டா கேட்டுக்கொண்டிருப்பாள். சமயங்களில் வேண்டிய நேரத்துக்கு மேலும்.

ஒருநாள் டாக்டர் குற்றாலிங்கம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க பெனடிக்டா. ஒரு நல்ல விஷயம்தான். ஆலா வச்சிருக்கவங்க தமிழ்நாடு பூரா கொஞ்சப் பேரு இருக்காங்க. மத்த ஊர்ல எல்லாம் அவங்களுக்குப் பம்பிங் மெல்ல எறங்குதாம். நம்ம கோவில்பட்டி அம்மாவுக்கு மட்டும் எறங்கல."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"ஆலாவ நிறுத்திருவோமான்னு பேச்சு வந்துச்சு. நான்தான் சொன்னேன், எங்ககிட்ட ஒரு கேஸ் நல்லாப் போவுது, அவசரப்படாதீங்க, மத்தவங்களுக்கு வேற காரணம் இருக்கலாம்னு. உங்க அளவ வச்சுத்தான் வாதாடுனேன்." மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். ஆலா யாரென்று அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும் என்று அந்தத் துடைப்பிலிருந்து புரிந்தது. "அளவு சரிதான?"

"சரிதான் சார்."

"அப்ப சரி."

வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றாள். குழாயடியில் யாரோ ஒரு கிழவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து துடைக்கும்வரை அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

*

அடுத்த தடவை ராஜகனி வந்தபோது, லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடிப்படி ஏறி வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு வரவில்லை. கட்டிலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள் பெனடிக்டா. வெகு நேரத்துக்குப் பிறகு, "மிட்டாய மறந்துட்டேன் தாயி" என்றார்.

அந்த அம்மாள் எதையும் மறப்பவர் அல்ல. பெனடிக்டா குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"அது கெடக்கு கொஞ்ச நாளா. கம்பெனிக்கு இப்பப் போறதில்ல. அடுப்பு முன்னால நிக்க முடியல."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னாக் கேக்கணும்ல. நீ நல்லாருக்குன்னு சொல்லுத. பெரிய டாக்டரும் நல்லாருக்குங்காரு. மவன் என்னைய ஏசுதான். 'மிசினே நல்லாருக்குன்னு சொல்லுது, நீ வேல செய்யச் சோம்பிக்கிட்டுப் பாசாங்கு பண்ணுத'ன்னு. நானும் யோசிச்சுப் பாத்தேன். மிசினு பொய் சொல்லுமா? நம்ம ஒடம்புதான் பொய் சொல்லுது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

பெனடிக்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வழக்கம்போல ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்த்தாள். பெரிய துடிப்பு வந்தது. நிறுத்துவதற்குப் பொத்தான்மேல் விரல் தானாகப் போனது. அவள் நிறுத்தவில்லை. அதன் பின்னால் என்ன வருகிறது என்று முதல் முறையாகப் பார்த்தாள்.

இரண்டு பெரிய துடிப்புகளுக்கு நடுவே இருந்த அந்த நீண்ட இடைவெளி, கஸ்பாருக்கு ஓய்வாக இருந்தது. ராஜகனிக்கு அது திறந்துபோட்ட கதவு. அதன் வழியே அவருடைய பழைய கோளாறு எழுந்து வந்தது. குட்டிக் குட்டியாக, அரையும் குறையுமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஓடும் துடிப்புகள். கூடையோடு கவிழ்த்த கோழிக்குஞ்சுகள். எதிலும் இரத்தம் நிரம்பவில்லை. இத்தனை மாதமும் இவை திரையில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அக்கா" என்றாள். "ஒங்களுக்குள்ள இருக்கது யாருன்னு எனக்குத் தெரியும்."

"டாக்டரு ஏதோ பறவைன்னாரு."

"என் வீட்டுக்காரரு."

ராஜகனி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பெனடிக்டா எல்லாவற்றையும் சொன்னாள். சங்கு, மூச்சடக்கிப் பார்க்கும் விளையாட்டு, லாரி, ஈரப்பஞ்சு. எந்தத் துடிப்புகளை அளந்தாள், எவற்றை விட்டாள் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. கருவி மார்பிலேயே இருந்தது. சத்தமும் ஓடிக்கொண்டிருந்தது.

ராஜகனி, கருவிக்குப் பக்கத்தில், தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஆக, எவளோ ஒருத்தி புருசன நெஞ்சுல சொமந்துக்கிட்டுக் கோவில்பட்டி பூராவும் அலஞ்சிருக்கேன்" என்றார். "எங்க வீட்டு மனுசன் உசுரோட இருந்திருந்தா வெட்டிப் போட்ருப்பாரு."

பெனடிக்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் அழுகை வந்தது.

"கோவப்படுங்கக்கா. எனக்கு அதுதான் வேணும்."

"கோவம் இல்லாமயா? மாடிப்படியில பாதியில நின்னப்ப உசுரு போயிரும்னு நெனச்சேன்." அவர் மூச்சு வாங்கினார். "ஒண்ணு கேக்கேன். இத எடுத்துட்டா, வேற எங்கயும் வச்சிருப்பாகளா அவர?"

"இல்ல. அழிச்சிருவாங்க. அவரு கேட்டுக்கிட்டதே அப்படித்தான்."

"அவரு சொல்லிட்டுப் போயிருவாரு. இருக்கது நீதான்." ராஜகனி கூரையைப் பார்த்தார். "மாத்திர மருந்து குடுத்துச் சமாளிக்க முடியுமான்னு பாரு. ஒரு வருசம் ரெண்டு வருசம் நான் வேணா வச்சிருக்கேன். எனக்கும் வயசாச்சு. மூஞ்சி கழுவும்போது பழகிப்போச்சு."

யாரும் அவளுக்கு இதுவரை கொடுக்காத ஒன்றை அந்த அம்மாள், கால் வீங்கி, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் படுத்தபடி கொடுத்தார். அதைத்தான் அவள் இத்தனை மாதமும் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு இப்போது உறைத்தது.

"வேண்டாம்க்கா" என்றாள்.

பிறகு அளந்தாள். வந்ததை வந்த வரிசையிலேயே. பெரியதை ஒன்று, அதன் பின்னால் வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக. விளிம்பே தெரியாத சின்னத் துடிப்புகளைச் சுற்றியும் கோடு இழுத்தாள். கணக்கு, நல்ல இதயத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு, பழையவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, டாக்டரின் அறைக்குப் போனாள்.

*

டாக்டர் குற்றாலிங்கம் படங்களை இரண்டு தடவை பார்த்தார். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"கஸ்பார் அண்ணாச்சி இதயம் அகலமான பாத்திரம்" என்றார் மெதுவாக. "ஒரு தடவ மொண்டா ரெண்டு பேருக்குக் காணும். அதனால நிதானமா மொள்ளலாம். இந்த அம்மாவுக்கு இருக்கது சின்னச் செம்பு. அத நிதானமா மொள்ளுன்னு சொல்லிட்டோம். பழக்கத்தக் குடுத்தோம், பாத்திரத்தக் குடுக்க முடியல. இது எனக்கு முன்னாலயே தோணியிருக்கணும். உங்க அளவு நல்லா வந்ததும் யோசிக்கிறத நிறுத்திட்டேன்."

"என் மேல நடவடிக்க எடுக்கணும் சார்."

"எடுப்பாங்க. நான் மறைக்க மாட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "மத்த ஊருக்கும் இன்னைக்கே சொல்லணும். ஆலா எல்லாருகிட்ட இருந்தும் போயிரும். புரியுதுல்லா?"

"புரியுது."

"கோவில்பட்டி அம்மாவுக்கு மாத்தும்போது எக்கோவுல நீங்க இருக்க வேண்டாம். மதுரையிலருந்து ஆள் கூப்புடுதேன்."

"அக்கா என்னையக் கேட்டாங்கன்னா?"

ராஜகனி கேட்டார். "அவ இல்லாம எவளும் என்னையத் தொடக் கூடாது" என்றார். ஆகவே பெனடிக்டா இருந்தாள். மதுரையிலிருந்து வந்த பெண் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. வெளியிலிருந்தே செய்துவிடலாம். பொறியாளர் மடியில் ஒரு கணினிப் பலகையை வைத்துக்கொண்டு, "இப்ப" என்று சொல்லிவிட்டு அழுத்துவார், அவ்வளவுதான். பெனடிக்டா திரையைப் பார்த்தாள். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. பிறகு அந்தப் பெரியது. அதை அவள் நிறுத்தவில்லை, ஓடவிட்டாள்.

"இப்ப" என்றார் பொறியாளர்.

சத்தம் மாறியது. சிறு அடிகளாக, நெருக்கமாக, சமையலறையில் யாரோ மும்முரமாக வேலை செய்வதுபோல. ராஜகனியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "டாக்டரு சொன்ன மைனாதான?" என்று கேட்டார். "ஆமாக்கா" என்றாள்.

பிறகு பஞ்சை நனைத்து, அவர் நெற்றியிலும் கன்னத்திலும் வைத்தாள். மதுரைப் பெண் எதற்கு என்று கேட்கவில்லை.

துடிப்பு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

*

ஆலா அழிக்கப்பட்டதை டாக்டர் அவளை நேரில் கூப்பிட்டுச் சொன்னார். அவளை எக்கோ அறையிலிருந்து மாற்றி, புதிதாக வரும் நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆலா வைத்திருந்தவர்களில் ரொம்ப மோசமாகிப்போன வெளியூர் நோயாளிகள் இருவரைப் பற்றி மட்டும் அவ்வப்போது விசாரிப்பாள். ஒருவர் தேறிவிட்டார். இன்னொருவரைப் பற்றி, மாற்றியது தாமதமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அந்த இன்னொருவரின் பெயர் அவளுக்குத் தெரியாது. காலையில் முகம் கழுவும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாத ஆள் ஞாபகத்துக்கு வருவார். கஸ்பார் இப்போது வருவதில்லை.

கோடை தொடங்குவதற்கு முன் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் ராஜகனி வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பேருந்து மாறி, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்லும்போது குரலில் பழைய கனம் இருந்தது. கையில் பெரிய பொட்டலம்.

"பழையபடி அடுப்பு முன்னால நிக்கேன். இது நான் பதம் பாத்தது, தின்னு பாரு. என்ன மெலிஞ்சுட்ட? ஊர்க் காத்தெல்லாம் உப்பா இருக்கு, அதான் ஒடம்புல சத்து நிக்கல."

"மைனா எப்படி இருக்குக்கா?"

"நல்லாத்தான் இருக்கு." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா நெஞ்சு ஒரு ஓட்டம் ஓடுது தாயி. யாரோ வர்றதுக்கு வாசல்ல நிக்காப்புல. எனக்கு யாரு வரப்போறா? அந்த மைனாப் புள்ளைக்கு யாரோ வரணும் போல. வந்தாங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"யாருன்னு கேக்கட்டுமா டாக்டர்ட்ட?"

"வேண்டாம். போதும்டியம்மா எனக்கு ஒருத்தரத் தெரிஞ்சது." சொல்லிவிட்டு எழுந்தார். "வெயில்ல வந்தது மூஞ்சியெல்லாம் எரியுது. தண்ணி எங்க?"

பெனடிக்டா சமையலறையைக் காட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல், நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அசட்டுத்தனம் என்பதும் தெரிந்திருந்தது.

ராஜகனி குழாய்ப் பிடியைப் பற்றி, எல்லோரையும் போல, இடப்பக்கம் திருகினார். தண்ணீர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார்.

"என்னம்மா, கொழாயி அடைச்சுக் கெடக்கு?"

"வலப்பக்கம் திருப்புங்கக்கா" என்றாள் பெனடிக்டா. "அது அப்படித்தான் திறக்கும்."